சென்னைக்கு ஒரு மணி பத்து நிமிடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்துப் பதினோரு வருடம் வரை நான் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. இது என் கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வாடிக்கையாளர்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மிட்டாய்க் கடைக்காரரிடம் போய் நீங்கள் ஜிலேபி தின்றதுண்டா என்று யார் கேட்பார்கள்?

கடை சின்னது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருபவர் உட்கார இரண்டு நாற்காலி. சுக்கும் மிளகும் ஏற்றிவரும் வண்டிகள் வாசலை உரசிக்கொண்டு போகும் தெரு. என் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து வளர்ந்தேன். இன்றும் அவசரமாக எதையாவது குறித்துவைக்க வேண்டுமென்றால் கை மலையாளத்தில்தான் எழுதும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? எனக்கு எல்லாம் மனப்பாடம். பெங்களூருக்கு ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட. மும்பைக்கு இரண்டு மணி. டெல்லிக்கு மூன்று மணிக்கு மேல். துபாய்க்குப் போக நாலு மணி, திரும்பி வர அதைவிடக் குறைவு. "அதெப்படிச் சேச்சி, போறப்ப ஒரு தூரம், வர்றப்ப வேற தூரமா?" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. தூரம் ஒன்றுதான், மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கிறது, வரும்போது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கிறது என்று விளக்குவேன். பத்து முறை பறந்துவிட்டு வந்தவள் போலச் சொல்வேன். கேட்டவர்கள் நம்பிக்கையோடு எழுந்து போவார்கள். அந்த நம்பிக்கைதான் என் வியாபாரம்.

அந்த நர்ஸ் முதலில் கடைக்கு வந்தது ஒரு மாலை நேரம். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். தென்காசிப் பக்கம் சொந்த ஊர். கணவர் எங்கள் தெரு முனையிலுள்ள ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். இவள் எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். இருவரும் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வருவாள், பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவு பழக்கம்.

அன்று வந்து உட்கார்ந்ததும் கேட்டாள். "அக்கா, சென்னைக்கு பிளைட்ல எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு மணி பத்து நிமிஷம்."

"எவ்ளோ தூரம்க்கா?"

"ஆகாசத்துல ஐநூறு கிலோமீட்டருக்கு மேல கொஞ்சம் வரும். ரோட்ல போனா எழுநூறு கிட்ட. எதுக்குக் கேக்குறே?"

ஓமனில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கள் எடுக்கிறார்கள், சென்னையில் இன்டர்வியூ, பன்னிரண்டரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்றாள். முந்தின நாள் ராத்திரி ரயிலில் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். டிக்கெட்டும் அன்று கிடைக்கிற நிலைமைதான். நான் விடவில்லை.

"ராத்திரி முழுக்க ரயில்ல குலுங்கிட்டுப் போய் இன்டர்வியூல உக்காந்தா மூஞ்சி எப்படி இருக்கும்? காலையில ஒம்பது நாப்பதுக்கு ஒரு பிளைட் உண்டு. பதினொண்ணு ஆகுறதுக்குள்ளே சென்னை. நல்லா தூங்கி எழுந்து போலாம் கேட்டியா."

"ஏர்போர்ட்டுக்கு எப்போக்கா கெளம்பணும்?"

"ஏழு மணிக்கு வீட்ட விட்டு எறங்கினா தாராளம்."

அந்தத் 'தாராளம்' என்ற சொல்லை நான் எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி எங்கள் தெருவிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே சொன்னேன். வீட்டிலிருந்தே செக்-இன் செய்துவிட்டால் கவுண்டருக்கே போக வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும். சர்டிபிகேட் ஃபைலும் துணிப்பையும்தானே, கவுண்டரில் பார்த்துக்கொள்வார்கள் என்று அதையும் செய்து கொடுக்கவில்லை.

குறிப்பிட்ட நாள் காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு என் போன் அடித்தது. நான் அப்போதுதான் கடைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கவுண்டர மூடிட்டாங்க."

தோப்பும்படி தாண்டி ஒரு லாரி வழியிலேயே நின்றுவிட்டதாம். அதைக் கடக்கவே அரை மணி. பிறகு இடப்பள்ளி ஜங்ஷன், பள்ளிக்கூட நேரம். ஆட்டோவும் பஸ்ஸும் காரும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றிருக்கின்றன. விமான நிலைய வாசலில் அவள் இறங்கியபோது எட்டு ஐம்பது. கவுண்டர் எட்டு நாற்பதுக்கே மூடியாகிவிட்டது. பத்து நிமிடம். விமானம் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது, ஐம்பது நிமிடம் கழித்துத்தான் கிளம்பும், ஆனால் அவளுக்கு அதில் இடமில்லை.

நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடினேன். அடுத்த விமானம் மத்தியானத்துக்கு மேல். பெங்களூர் சுற்றிப் போனால் இன்னும் தாமதம். இன்டர்வியூ நடத்துகிறவர்களின் நம்பரை அவளிடம் வாங்கி நானே கூப்பிட்டேன். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது சொல்கிறோம் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று கடை நடத்துகிற யாருக்கும் தெரியும்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் கடைக்கு வந்தாள். நான் சாயா வரவழைத்தேன். அதைத் தொடாமல் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க பிளைட்ல போகும்போது எத்தன மணிக்குக் கெளம்புவீங்க?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நான் போனதில்ல," என்றேன்.

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவ கூட இல்ல. ஏர்போர்ட்டுக்குப் போனது மூணு தடவ. கொழுந்தனாரைக் கூட்டிட்டு வர. வாசல்ல நின்னுட்டு வந்துட்டேன்."

"ஏன்க்கா?"

"பயம்."

பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லை வெளியே சொன்னது அன்றுதான். அவள் சாயாவை எடுத்துக் குடித்தாள். எழுந்து போகும்போது, "நீங்க சொன்னது தப்பில்லக்கா. வானத்துல ஒரு மணி பத்து நிமிஷந்தான். நான் வானத்துலயா இருந்தேன்?" என்றாள்.

திட்டியிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை. நான் விற்றுக்கொண்டிருந்தது ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கான நேரம். மனிதர்கள் யாரும் விமான நிலையத்தில் குடியிருப்பதில்லை. ஒருவர் வைப்பினில் மீன் வலைக்குப் பக்கத்தில் இருக்கிறார், ஒருவர் திருப்பூணித்துறையில் கோயில் தெருவில் இருக்கிறார். அந்தப் பக்கம் இறங்கியதும் அவர்கள் போக வேண்டிய இடம் இன்னும் எங்கேயோ இருக்கிறது. அந்த இரண்டு முனைகளையும் நான் யாரிடமும் கேட்டதே இல்லை.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை பத்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். ராத்திரி டூட்டி முடிந்த முகம். ஓமன்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருத்தி வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம், அந்த இடத்துக்கு நாளைக் காலை பத்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"வாரேன்னு சொல்லிட்டேன். ரயில்ல பாருங்கக்கா."

பார்த்தேன். எல்லா ரயிலிலும் வெயிட்டிங் லிஸ்ட், ஏறவே முடியாத நீளத்தில். பஸ் என்றால் பதிமூன்று, பதினாலு மணி நேரம், அதிலும் கடைசி வரிசை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பிளைட் உண்டு. ராத்திரி அங்க தங்கிட்டு காலையில போலாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க," என்றாள்.

"உன் வீட்டுக்காரரும் வர்றாரா?"

"இல்ல. நீங்க வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "நீங்க கூட வந்தா எனக்கு தைரியமா இருக்கும். நேரத்துக்குப் போய்ச் சேந்துருவோம்னு நம்புவேன். இல்லன்னா நான் பஸ்லயே போறேன்க்கா," என்றாள்.

மிளகு கிடங்கில் வேலையில் இருந்த என் கணவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "போயிட்டு வா. கடைய நான் பூட்டிக்கறேன்," என்றார். ஏறுவாயா, பயமில்லையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன்.

டிக்கெட் இரண்டு போட்டேன். இந்த முறை செக்-இன் அங்கேயே செய்து, அச்சடித்து, மடித்து ஃபைலில் வைத்தேன். ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலிலிருந்து சென்னையில் படுக்கப் போகிற அறையின் கதவு வரை, எங்கே எத்தனை நிமிடம் என்று ஒன்றுவிடாமல் எழுதிவிடுவது என்று தீர்மானம். ரோட்டை நம்புவதில்லை என்பதும் தீர்மானம். தண்ணீரில் லாரி பழுதாகி நிற்காது.

ஒன்று இருபதுக்கு வீட்டிலிருந்து இறங்கினோம். ஒன்று நாற்பதுக்கு வாட்டர் மெட்ரோ. படகு காயலைக் கடந்து ஹைகோர்ட் ஜெட்டியில் சேர்ந்தபோது இரண்டு பத்து. அங்கிருந்து ஆட்டோ, பிறகு மெட்ரோ ரயில். இடப்பள்ளிக்கு மேலாக ரயில் போகும்போது நர்ஸ் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஒரு ஷாப்பிங் மாலுக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. "அன்னைக்கு அந்தா அங்கதான் நின்னேன்," என்றாள். நான் எட்டிப் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஆலுவாயில் இறங்கி ஏர்போர்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்தது பதினெட்டு நிமிடம். நெடும்பாசேரி வாசலில் கால் வைத்தபோது நாலு ஐந்து. மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம். விமானமோ ஆறு மணிக்கு. "சீக்கிரம் வந்துட்டோம்," என்றாள் அவள், அன்று முதல்முறையாகச் சிரித்து.

உள்ளே எல்லாம் நான் ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். பையை எங்கே வைப்பது, போனை எங்கே எடுத்துப் போடுவது, எந்த வாசல். சொல்வது வேறு, அங்கே நிற்பது வேறு. என்னைச் சோதித்த பெண் போலீஸ் கையை நீட்டச் சொன்னபோது எந்தக் கையை என்று கேட்டேன். "ஆத்யமாயிட்டாணோ சேச்சி?" முதல் தடவையா என்று மலையாளத்தில் கேட்டாள். ஆமாம் என்றேன். "பேடிக்கண்டா," பயப்பட வேண்டாம் என்று தோளைத் தட்டி அனுப்பினாள்.

நர்ஸுக்கும் அதுதான் முதல் பயணம். ஆனால் அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் தினமும் போய் வருகிறவள் என்றுதான் நினைப்பார்கள். கதவை மூடினார்கள். நான் நேரத்தைக் குறித்தேன். ஐந்து ஐம்பத்து நாலு. விமானம் நகரவில்லை. ஆறு ஐந்துக்குப் பின்னால் நகர்ந்தது. பிறகு பஸ் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து போய், திரும்பி, நின்றது. இந்த நேரமெல்லாம் என் கடைத் திரையில் வருகிற ஒரு மணி பத்து நிமிடத்துக்குள் சேர்ந்ததுதான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பறப்பதே அதைவிடக் குறைவு. நான் அதுவரை சொன்னதில் ஒரு பகுதி, தரையில் ஊர்வதும் நிற்பதும்.

எஞ்சின் சத்தம் கூடியபோது நான் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டேன். கண்ணையும் மூடிவிட்டேன். முதுகை யாரோ பின்னால் அழுத்துகிற மாதிரி இருந்தது. அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இரண்டு விரல் நரம்பின்மேல்.

"என்ன செய்யறே?"

"பேசாம இருங்கக்கா, எண்ணிட்டு இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "நூத்திப் பதினாறு. ஓடிட்டு வந்தவங்களுக்கு இருக்கற மாதிரி. ஒண்ணுமில்ல. வாயால மெதுவா மூச்சு விடுங்க, எச்சில முழுங்குங்க, காதடைப்பு விட்டுரும்," என்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற அதே குரலாக இருக்க வேண்டும். அவள் சொன்னபடி செய்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணினாள். "எம்பத்தெட்டு. இப்ப கண்ணத் தொறந்து பாருங்க."

பார்த்தேன். கீழே மலை. மரம் தெரியாத உயரத்தில் பச்சை மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. மடிப்புகளுக்கிடையே மேகம் தங்கியிருந்தது. ரயிலில் பாலக்காடு வழியாகப் போகும்போது மணிக்கணக்காக ஜன்னலோடு கூடவே வருகிற மலை, சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன்பின் தரை தட்டையாகி, வெளுத்து, குளங்கள் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டாக மின்னின. பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் போகிற பக்கம் ஏற்கெனவே இருட்டு. எனக்குப் பயம் போயிற்று என்று சொல்ல மாட்டேன். பயத்தோடு பார்க்க முடிந்தது, அவ்வளவுதான். அதுவே எனக்குப் பெரிய காரியம்.

சென்னைக்கு மேலே இறங்க இடம் கிடைக்காமல் ஒரு சுற்று சுற்றினார்கள். சக்கரம் தரையில் பட்டபோது ஏழு பதினைந்து. ஆறு பதினெட்டுக்கு மேலே எழும்பியது, ஆக வானத்தில் இருந்தது ஐம்பத்தேழு நிமிடம். இறங்கி நடந்து, மெட்ரோ பிடித்து, சைதாப்பேட்டையில் ஒரு லாட்ஜ் அறையின் கதவைத் திறந்தபோது எட்டு இருபத்தைந்து. நோட்டில் கூட்டிப் பார்த்தேன். ஏழு மணி ஐந்து நிமிடம். அவளிடம் காட்டினேன்.

"ரயில்னா பன்னெண்டு மணி நேரம் இருக்குமா?" என்றாள்.

"வீட்ல இருந்து கணக்குப் போட்டா பதினாலு."

"அப்ப பிளைட்டுதான் ஜெயிச்சுது. நீங்க சொன்ன அளவுக்கு இல்ல, அவ்ளோதான்." சொல்லிவிட்டுப் படுத்தவள் அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள். இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்த உடம்பு.

மறுநாள் ஒன்பதரைக்கே இன்டர்வியூ நடக்கிற கட்டடத்தின் வாசலில் இருந்தோம். அவள் உள்ளே போனாள். நான் எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயா என்று வாய் தவறிக் கேட்டேன், கடைக்காரர் "கேரளாவா?" என்றார். ஆமாம், தமிழ்தான், ஆனால் கேரளா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டீ ஊற்றினார். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அவளுக்காக வேண்டிக்கொண்டேன், எனக்காகவும்தான். இவளுக்கு வேலை கிடைக்காவிட்டால் அந்தப் பத்து நிமிடம் காலம் முழுக்க என் தலையில் இருக்கும்.

அவள் வெளியே வந்து ரோட்டைக் கடந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன தடவ ஏன் வரலன்னு கேட்டாங்கக்கா."

"என்ன சொன்னே?"

"பிளைட்ட தவற விட்டுட்டேன்னு சொன்னேன். இந்தத் தடவ எப்பக் கெளம்புனீங்கன்னு கேட்டாங்க. நேத்து மத்தியானம் ஒண்ணு இருவதுக்குன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." ஃபைலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "எடுத்துட்டாங்கக்கா," என்றாள்.

அந்த டீக்கடையில் நான்தான் அழுதேன். அவள் என் கையை எடுத்து மறுபடி நாடி பார்க்கப் போனாள், நான் உதறிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கடைச் சுவரில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலைக் கிழித்தது. ஊர்ப் பெயரும் மணி நிமிடமுமாக நானே அழகாக அச்சடித்து ஒட்டிய பட்டியல். இப்போது யார் வந்து எவ்வளவு நேரம் என்று கேட்டாலும், நான் முதலில் கேட்பது வீடு எங்கே என்றுதான். பிறகு, போய்ச் சேர வேண்டிய இடம் எங்கே. குழந்தை உண்டா, வயதானவர் உண்டா, கொண்டுபோகும் பை எத்தனை. அதற்கப்புறம்தான் திரையைத் திறப்பேன். சில மணி நேர ரயில் தூரத்தில் இறங்க வேண்டியவரிடம் விமானமே வேண்டாம், ரயிலில் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். டிக்கெட் விற்கிறவள் இப்படிச் சொல்வதைக் கேட்டு வாய்பிளந்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் அடுத்த முறை மும்பைக்கும் டெல்லிக்கும் என்னிடமே வருகிறார்கள்.

ஓமனுக்குப் போக வேண்டிய காகிதமெல்லாம் முடிய நாலைந்து மாதம் ஆயிற்று. மஸ்கட் டிக்கெட்டை நான்தான் போட்டேன். கொச்சியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். போய் இறங்கியதும் கடிகாரத்தை மாற்று, இல்லாவிட்டால் முதல் நாள் டூட்டிக்கே ஒன்றரை மணி முன்னால் போய் நிற்பாய் என்று சொன்னேன். வெளிநாடு என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். கூடவே அவள் சந்திலிருந்து பெரிய பெட்டிகளை வெளியே கொண்டுவரும் நேரம், இடப்பள்ளி, மழை, எல்லாவற்றையும் கூட்டி, இத்தனை மணிக்கு வண்டியில் ஏறியிருக்க வேண்டும் என்று அவள் கணவரிடம் எழுதிக் கொடுத்தேன். மலையாளத்தில் எழுதிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, திரும்பத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அவள் கிளம்பிய நாள் கணவர் வழியனுப்பக் கூடப் போனார், நான் கடையில் இருந்தேன். மழை இல்லை, ரோட்டில் கூட்டமும் இல்லை. மத்தியானம் போன் வந்தது.

"அக்கா, ஏர்போர்ட் வந்துட்டோம். கவுண்டரே இன்னும் தொறக்கல. வாசல்ல நாங்க மட்டுந்தான் உக்காந்துருக்கோம்."

"எவ்ளோ நேரம் இருக்கு?"

"நாலரை மணி நேரம்க்கா. இவரு உங்களத் திட்டிட்டு இருக்காரு."

"திட்டட்டும்," என்றேன். "நல்லா உக்காந்து சோறு சாப்பிடுங்க ரெண்டு பேரும்."